ஒரே மூலபாடம், இரண்டு பதிப்புகள்: காவிரிப் படுகையின் பழைய நூல்களை அச்சேற்றும் முறை

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் தம் ஊரின் தலபுராணத்தையோ உலாவையோ பள்ளு நூலையோ குறவஞ்சியையோ நல்ல பதிப்பாகக் கொண்டுவர விரும்பும் தமிழாசிரியர்களும் கோயில் அன்பர்களும் இன்றும் இருக்கிறார்கள். வேலை தொடங்கிய சில மாதங்களிலேயே அவர்கள் ஓர் இழுபறியில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆய்வாளர் பாடவேறுபாடுகள் (பிரதிக்குப் பிரதி சொல் மாறும் இடங்கள்) எல்லாவற்றையும் கேட்கிறார். நன்கொடை தந்த ஊர்க்காரரோ படித்தால் புரிய வேண்டும் என்கிறார். இருவரையும் ஒரே பக்கத்தில் நிறைவு செய்ய முயன்றால், ஆய்வாளருக்குப் போதாததும் மற்றவர்க்கு மிகையானதுமான ஒரு நூல்தான் கிடைக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றே: மூலபாடத்தை ஒரு முறை மட்டும், முழுக் கவனத்தோடு நிறுவ வேண்டும், அதையே இரண்டு விதமாக அச்சிட வேண்டும். மக்கள் பதிப்புக்கென்று தனியாக ஒரு பாடம் இருக்கக் கூடாது. ஆய்வுப் பதிப்பில் ஒரு சொல்லும், மக்கள் பதிப்பில் எளிமை கருதி வேறொரு சொல்லும் இருந்தால், அவற்றை இரண்டு நூல்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

முதலில் நூலைத் தேர்ந்துகொள்ளுங்கள். கையில் சுவடி கிடைத்துவிட்டது என்பதற்காகவே பதிப்பில் இறங்கிவிடக் கூடாது. அந்த நூல் முன்பே அச்சேறியிருக்கிறதா என்று பாருங்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) மாயூரப் புராணம், திருநாகைக்காரோணப் புராணம் முதலான பல தலபுராணங்களை இந்தப் பகுதித் தலங்களுக்குப் பாடினார். அவற்றுட் சில அவர் காலத்திலேயே அச்சாயின. பிற புலவர்களின் நூல்களிலும் 19ஆம் நூற்றாண்டு அச்சுப் பிரதிகள் ஒன்றிரண்டு எங்கேனும் தங்கியிருக்கும். சென்னையில் 1994இல் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அப்படிப்பட்ட அச்சு நூல்களைத் தேடலாம். பழைய அச்சுப் பிரதி கிடைத்தால் பதிப்பை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. அதை ஒரு சாட்சியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தப் பதிப்பாசிரியர் கண்ட ஓலை இன்று அழிந்துபோயிருக்கலாம்.

சுவடிகளுக்கு முதலில் செல்ல வேண்டிய இடம் தஞ்சை சரசுவதி மகால் நூலகம். நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்து, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (ஆட்சி 1798–1832) பெருக்கிய அந்தத் தொகுப்பு 1918இல் பொது நூலகமானது; அதன் தமிழ்ச் சுவடிகளுக்கு அச்சிட்ட விளக்க அட்டவணைகள் உண்டு. 1981இல் நிறுவப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், 1943இல் தொடங்கிய உ.வே.சா. நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், திருவாவடுதுறை ஆதீனம் ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது. அட்டவணையில் நூற்பெயரை மட்டும் தேடினால் போதாது. பெயர் தெரியாத சுவடியை அட்டவணை தயாரித்தவர் "பலவகைப் பாடல்கள்" என்று எழுதிவிட்டிருப்பார். ஆகவே காப்பின் (தொடக்கக் கடவுள் வாழ்த்தின்) முதலடியையும் முதற்பாட்டின் முதலடியையும் கொண்டு தேட வேண்டும். வீடுகளில் இருக்கும் கட்டுகளைக் கடைசியாகத் தேடுங்கள். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் இங்கே இருந்தது. எஞ்சியவை பெரும்பாலும் வைத்திய, சோதிட ஏடுகளாக இருக்கும். ஆனாலும் அவற்றுக்கு நடுவில் வேறொரு நூலின் ஏடுகள் சில கோத்துக் கிடப்பது உண்டு. எனவே கட்டை முழுவதும் பாருங்கள்.

இந்தப் படுகைக்கு இந்த வேலை புதியதன்று. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை ஆசிரியராக இருந்தபோதுதான் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் வெளியிட்டார். அதே ஆண்டில் கலித்தொகையை வெளியிட்ட சி.வை. தாமோதரம் பிள்ளையும் கும்பகோணத்தில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். நற்றிணையை உரையோடு பதிப்பித்த அ. நாராயணசாமி ஐயரின் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பின்னத்தூர். இவர்களிடம் கற்க வேண்டியவற்றுள் முதன்மையானது, பதிப்பு ஒரே மூச்சில் முடிவதில்லை என்பது. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907இல், அதாவது 20 ஆண்டுகளுக்குப் பிறகு, புதிய பிரதிகளின் துணையோடு திருத்தமாக வந்தது. நம் கோப்புகளையும் அடுத்த பதிப்பை எண்ணியே அமைக்க வேண்டும்.

ஓலையைப் படமெடுத்தலும் படித்தலும்

சுவடியைத் தொடும் முன் உரியவரிடம் எழுத்து வடிவில் இசைவு பெற்றுக்கொள்ளுங்கள்; படம் எடுக்க ஓர் இசைவு, படத்தை நூலில் அச்சிட மற்றோர் இசைவு என இரண்டையும் தனித்தனியே குறிப்பிடச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓலை ஈரம் வாங்கியிருக்கும். தை பிறந்த பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது. மை தடவுவதும் எண்ணெய் பூசுவதும் சுவடிப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர்களின் வேலை. பதிப்பாசிரியர் அவற்றைச் செய்யக் கூடாது. மையிடாத ஏட்டில் எழுத்தாணிக் கீறல் கண்ணுக்குத் தெரியாவிட்டால், விளக்கை ஏட்டின் பக்கவாட்டில் தாழ வைத்து ஒளியைச் சாய்வாக விழச் செய்து படமெடுத்தால் கீறல் நிழலாகத் தெரியும். ஒவ்வோர் ஏட்டின் இரு பக்கத்தையும், எழுதாத ஏட்டையும், கட்டின் மேற்சட்டத்தையும் அளவுகோலுடன் படமெடுங்கள். படக் கோப்பின் பெயரிலேயே நூலகக் குறி, சுவடி எண், ஏட்டெண், முன்பக்கம் அல்லது பின்பக்கம் ஆகியவை வந்துவிட வேண்டும்.

ஏட்டெண்களைப் படிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கும் நூற்றுக்கும் தனிக் குறிகள் உண்டு. 11 என்பது ௰௧, 20 என்பது ௨௰, 100 என்பது ௱. இதை மனத்தில் வைத்து எண்களை வரிசைப்படுத்தினால் இடையில் எந்த ஏடு இல்லை, எது இடம் மாறிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். சுவடியின் இறுதியில் எழுதியவர் காலக்குறிப்புத் தந்திருந்தால் அது பெரும்பாலும் 60 ஆண்டுச் சுழற்சியின் பெயராக இருக்கும். விகாரி ஆண்டு என்று மட்டும் இருந்தால் அது 1779, 1839, 1899 ஆகிய மூன்றில் எதில் தொடங்கியதாகவும் இருக்கலாம். மாதமும் தேதியும் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்திருந்தால் பழைய பஞ்சாங்கக் கணக்கோடு ஒத்துப்பார்த்து முடிவு செய்யலாம். இல்லாவிட்டால் மூன்றையும் எழுதி விட்டுவிடுவதுதான் நேர்மை.

எழுத்துகளைப் பொறுத்தவரை, ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. அடி முடிந்து அடுத்த அடி தொடங்குவதும் தெரியாது. புள்ளி பெரும்பாலும் இராது. "மனன" என்று மூன்று எழுத்து இருந்தால் அது "மன்ன" ஆகலாம், "மனன்" ஆகலாம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இராது; எரியும் ஏரியும் ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கும். எல்லாவற்றினும் தொல்லை தருவது ரகரமும் காலும் ஒரே வடிவில் இருப்பது. "பாவை" என்று படித்த சொல் "பரவை"யாகவும் இருக்கலாம்; திருவாரூர் பற்றிய நூலில் இது சிறிய ஐயமன்று, சுந்தரர் மனைவியின் பெயரே பரவை.

இந்த இடத்தில் கைகொடுப்பது யாப்பு. பாவை என்பது நேர்நேர் (நேர் ஓரெழுத்து அசை; நிரை குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை; மெய்யைக் கணக்கிடுவதில்லை). பரவை என்பது நிரைநேர். பாட்டு வெண்பாவாக இருந்தால் மாச்சீரை அடுத்து நிரையசையும், விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசையும் வந்தாக வேண்டும். ஆகவே முந்தைய சீர் "தேமா" அல்லது "புளிமா" என்றால் பரவை. "கூவிளம்", "கருவிளம்", "தேமாங்காய்" போன்றவையாக இருந்தால் பாவை. விருத்தமாக இருந்தால் ஒரே இடத்துச் சீர் நான்கு அடிகளிலும் எந்த வாய்பாட்டில் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அடியின் முதற்சீராக இருந்தால் எதுகையே சொல்லிவிடும். பொருள் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்பவர், புலவர் சொல்லை விட்டுத் தாமே பாடிவிடும் அபாயம் உண்டு. யாப்பிலக்கணத்தில் பயிற்சி இல்லாதவர் இந்த வேலையில் ஒரு புலவரைத் துணையாகக் கொள்ளாமல் இறங்க வேண்டாம்.

படியெடுக்கும்போது இரண்டு நிலைகளைக் கலக்காதீர்கள். முதல் நிலையில் ஏட்டில் உள்ளதை உள்ளபடியே, புள்ளியில்லாமலும் பிழையோடும், ஏட்டு வரி முடியும் இடத்தைக் குறித்தும் எழுத வேண்டும். இரண்டாம் நிலையில்தான் புள்ளியிட்டுச் சீர் பிரித்து அடி வகுக்க வேண்டும். முதல் நிலைப் படியை ஒருபோதும் திருத்தி எழுதிவிடாதீர்கள். ஐந்தாண்டு கழித்து யாரேனும் "இந்த இடத்தில் ஏட்டில் என்ன இருக்கிறது" என்று கேட்டால் காட்ட வேண்டியது அதுவே.

பாடத்தை நிறுவுதல்

பிரதிகள் ஒன்றுக்கு மேல் கிடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுங்கள். சரசுவதி மகால் சுவடிக்கு "ச", தமிழ்ப் பல்கலைக்கழகச் சுவடிக்கு "த" என்பதுபோல் நினைவில் நிற்கும் குறியாக இருக்கட்டும். பிறகு பாட்டுப் பாட்டாக ஒப்பிட வேண்டும். ஐந்து பிரதிகளில் நான்கு ஒரு பாடத்தைச் சொன்னால் அதுவே சரி என்று கொள்வது பரவலான வழக்கம்; இது பெரும்பிழைக்கு இடமளிப்பது. நான்கும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து எழுதப்பட்டவையாக இருந்தால் அவற்றின் வாக்கு ஒன்றுதான். அதை எப்படி அறிவது? சரியான பாடத்தில் ஒத்துப்போவதைக் கொண்டு அறிய முடியாது, ஏனென்றால் சரியானதில் எல்லாப் பிரதிகளும் ஒத்துப்போகும். ஒரே பிழையைச் செய்திருப்பதையும், ஒரே பாட்டை விட்டிருப்பதையும், ஒரே இடத்தில் ஏடு சிதைந்து இடைவெளி விட்டிருப்பதையும் கொண்டுதான் உறவை அறிய வேண்டும்.

இரண்டு பாடங்களும் பொருளுக்கும் யாப்புக்கும் பொருந்தும்போது, எழுதுபவர் எதை எதுவாக மாற்றியிருப்பார் என்று கேட்டுப்பாருங்கள். அரிய சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றுவது எளிது. தெரிந்த சொல்லை அரிய சொல்லாக யாரும் மாற்றுவதில்லை. பழைய உரை உள்ள நூலாயின் உரையாசிரியர் கண்ட பாடத்தை, அவர் பதவுரை எழுதும் சொற்களிலிருந்து மீட்டெடுக்கலாம். நம் கையிலுள்ள ஓலைகளில் பெரும்பாலானவை சில நூற்றாண்டுகளுக்கு உட்பட்டவை என்பதால் உரையாசிரியரின் சாட்சி ஓலையைவிட மூத்தது. ஆனால் மூலத்தை உரைக்கு ஏற்பத் திருத்தி எழுதிய பிரதிகளும் உண்டு என்பதை மறவாதீர்கள்.

எந்தப் பிரதியிலும் இல்லாத பாடத்தை நாமாக ஊகித்தால் அதைத் தனிக் குறியிட்டுக் காட்டியாக வேண்டும். சிதைந்த இடத்தைப் புள்ளிகளால் விட்டுவிடுவது அவமானமன்று. ஊர்ப்பெருமை கருதி, விழாவுக்குள் நூல் வர வேண்டும் என்று நிரப்பிவிடச் சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மக்கள் பதிப்பிலும் அந்த இடம் வெற்றாகவே இருக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

ஆய்வுப் பதிப்பின் பக்கம்

பக்கத்தின் மேற்பாதியில் சீர் பிரித்த மூலம். அதன் கீழே பாடவேறுபாடு. அதற்கும் கீழே விளக்கக் குறிப்பு. பாடவேறுபாட்டையும் விளக்கத்தையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். பழைய பதிப்புகள் பலவற்றில் "பி-ம்." என்ற சுருக்கத்தோடு பிரதிபேதம் (பாடவேறுபாடு) தரப்பட்டிருக்கும், எந்தப் பிரதியில் அப்படி இருக்கிறது என்பது பெரும்பாலும் இராது. இன்றைய பதிப்பில் பாட்டெண், அடியெண், ஏற்ற பாடம், அது உள்ள பிரதிகளின் குறி, ஏற்காத பாடம், அதன் பிரதிக் குறி என்று முழுமையாகத் தர வேண்டும். வெறும் எழுத்துப் பிழைகளை எல்லாம் இதில் கொட்டினால் தேவையான வேறுபாடு புதைந்துவிடும். புள்ளி, நெடில் குறில், ரகரம் கால் ஆகிய குழப்பங்களை முகவுரையில் மொத்தமாகச் சொல்லிவிட்டு, பொருளோ யாப்போ மாறும் இடங்களை மட்டும் பக்கத்தில் தருவதே என் முறை.

முகவுரையில் ஒவ்வொரு சுவடியின் அளவு, ஏட்டெண்ணிக்கை, ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, தொடக்கமும் முடிவும், காலக்குறிப்பு, பிரதிகளின் உறவு ஆகியவை இருக்க வேண்டும். நூலின் இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதியும் அருஞ்சொல் அகராதியும் ஊர்ப்பெயர், ஆட்பெயர் அடைவும் (பக்க எண்ணோடு கூடிய அகரவரிசைப் பட்டியலும்) தேவை. அடைவு இல்லாத ஆய்வுப் பதிப்பை நான் வாங்குவதில்லை.

மக்கள் பதிப்பு: சந்தி பிரிப்பதும் அடுக்கும் முறையும்

சந்தி பிரித்து அச்சிட்டால் பழைய பாட்டைப் பலரும் படிப்பார்கள் என்பதை 1950களில் பதிப்பாளர் மர்ரே எஸ். ராஜம் குறைந்த விலையில் கொண்டுவந்த பதிப்புகள் காட்டிவிட்டன. ஆனால் பிரிப்பது எந்திர வேலையன்று. பட்டினப்பாலையின் தொடக்கத்தைப் பாருங்கள்:

வான்பொய்ப்பினும் தான்பொய்யா
மலைத்தலைய கடற்காவிரி

இது அடிக்கு இரண்டு சீர் கொண்ட வஞ்சியடி. படிக்கும்போதே இரண்டிரண்டாக நடக்கும் நடை காதில் விழும். இதை "வான் பொய்ப்பினும் தான் பொய்யா / மலைத் தலைய கடல் காவிரி" என்று பிரித்தால் சொற்கள் தெளிவாகின்றன. ஆனால் அடிக்கு நான்கு சொற்கள் நிற்பதால் இருசீர் நடை கண்ணுக்கு மறைகிறது, "கடற்காவிரி"யின் றகரமும் போய்விடுகிறது. எனவே மக்கள் பதிப்பில் சொற்களைப் பிரிக்கும்போது, சீரெல்லைக்குப் பெரிய இடைவெளியும் சீருக்குள் சொல்லெல்லைக்குச் சிறிய இடைவெளியும் விடச் சொல்லுங்கள். அச்சுக் கோப்பவர் முதலில் முனகுவார்; பிறகு செய்துவிடுவார். புணர்ச்சியில் திரிந்த எழுத்தைப் பிரித்து எழுதினால் ஓசை கெடும் இடங்களில் திரிந்தபடியே விட்டு, "கடற் காவிரி" என்று இடைவெளி மட்டும் தரலாம். எந்த முறையைக் கொண்டாலும் நூல் முழுவதும் அதையே கொள்ள வேண்டும். அந்த விதியை முன்பக்கத்தில் நான்கு வரியில் சொல்லிவிட வேண்டும்.

குறிப்பெழுதுவதிலும் இரண்டு பதிப்புகளுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். அந்தப் பாட்டில் இதற்கு முன்னுள்ள அடிகள், வெள்ளிமீன் திசை மாறித் தெற்கே போனாலும், மழைத்துளியை உணவாகக் கொண்டு வானைப் பாடும் பறவை வாடும்படி மேகம் பொய்த்தாலும் காவிரி பொய்க்காது என்கின்றன. ஆய்வுப் பதிப்பில், வெண்மீன் தெற்கே செல்வது வறட்சிக்குறியாகப் பிற பாட்டுகளில் எங்கே வருகிறது, "புள்" என்பதற்கு வானம்பாடி என்று பொருள் கொண்டவர் யார், உரையாசிரியர் எந்த அடியை எதனோடு முடிக்கிறார் என்பவை வேண்டும். மக்கள் பதிப்பில் வெண்மீன் என்றால் வெள்ளி, புள் என்றால் வானம்பாடி, மலை என்றால் குடகு என்பவை போதும். ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் உழவர் "தான்பொய்யா" என்ற சொல்லைப் படித்து என்ன நினைப்பார் என்பதை அவரிடமே விட்டுவிடலாம்; குறிப்பில் அணையைப் பற்றிய சொற்பொழிவு வேண்டாம்.

301 அடிகள் கொண்ட அந்தப் பாட்டுக்குப் பொழிப்புரை எழுதுபவர் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். நச்சினார்க்கினியர் தொலைவில் உள்ள அடிகளை "மாட்டு" என்று கொண்டு இணைத்துப் பொருள் சொல்வார். அவர் முடிபை அப்படியே எளிய உரைநடையாக்கினால் மக்கள் பதிப்பின் வாசகர் பாட்டில் ஓரடியையும் உரையில் வேறோரடியையும் கண்டு திகைப்பார். உரை பாட்டின் வரிசையிலேயே செல்லட்டும். பழைய உரையின் இணைப்பை ஆய்வுப் பதிப்பின் குறிப்பில் சொல்லுங்கள்.

இடது பக்கத்தில் பாட்டும் வலது பக்கத்தில் பொருளும் குறிப்பும் எதிரெதிரே வரும் அமைப்பே மக்கள் பதிப்புக்கு ஏற்றது. பாட்டின் சொற்களுக்கு மேல் சிறிய எண்களைத் தூவாதீர்கள். குறிப்பில் அடியெண்ணைச் சொன்னாலே போதும். பள்ளு, குறவஞ்சி போன்ற நூல்களில் உழவுச் சொற்கள் மிகுதி. கண்ணாறு, மடை, நாற்றங்கால், தாளடி என்ற சொற்களுக்கு மன்னார்குடி வாசகருக்குப் பொருள் வேண்டியதில்லை. சென்னையிலும் கோவையிலும் படிப்பவருக்கு வேண்டும். இதற்காகப் பக்கத்தை நிரப்பாமல், நூலின் இறுதியில் வட்டாரச் சொற்களுக்கென ஒரு தனி அகராதி வைத்தால் இருவரும் நிறைவடைவர். குறிப்புகளை அச்சுக்கு அனுப்பும் முன், தமிழ் படித்தவரல்லாத இருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நாம் அரிய சொல் என்று எண்ணிய இடத்தில் அவர்கள் நிற்க மாட்டார்கள். எளிதென்று விட்ட வினைமுடிபில் (எந்தச் சொல் எந்த வினையோடு முடிகிறது என்பதில்) நிற்பார்கள்.

பாட்டுகளை அடுக்கும் வரிசை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பகுதியில் இதுவே அடிக்கடி சண்டைக்குக் காரணமாகிறது. தேவாரத்தைப் பண்முறையில் (இசைப் பண்களின் வரிசையில்) அடுக்குவதும் தலமுறையில் (ஊர்களின் வரிசையில்) அடுக்குவதும் இரண்டும் பழைய வழக்கே. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1984இலும் 1985இலும் வெளியிட்ட மூவர் தேவாரப் பதிப்பு பண்முறையில் அமைந்தது. ஆய்வாளர் மேற்கோளுக்கும் அந்த எண்முறையே பயன்படுகிறது. ஆனால் காவிரி வடகரையில் 63, தென்கரையில் 127 என்று பாடல்பெற்ற தலங்கள் நிறைந்த நாட்டில், வாசகர் கையில் நூலை எடுத்ததும் தம் ஊர்ப் பதிகத்தைத்தான் தேடுவார். மக்கள் பதிப்பைத் தலமுறையில் அடுக்கினால் எண்கள் மாறும். பிறகு ஒருவர் சொல்லும் பாட்டு மற்றவர் நூலில் கிடைக்காது. ஆகவே தலமுறையில் அடுக்கினாலும் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் திருமுறை, பதிகம், பாட்டு என்ற பண்முறை எண்ணே நிற்க வேண்டும். ஆய்வுப் பதிப்பின் இறுதியில் தலவரிசை அட்டவணை வர வேண்டும். அட்டவணை செய்யும்போது சீர்காழியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம் என்று அதற்கு 12 பெயர்கள். இவற்றைத் தனித்தனி ஊர்களாக அகரவரிசையில் சிதறவிட்டால் சீர்காழிக்காரரே தம் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. இன்றைய பெயரின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவந்து, பழைய பெயர் ஒவ்வொன்றிலிருந்தும் அங்கே வழிகாட்ட வேண்டும். தலபுராணம், உலா, கோவை எதுவானாலும் இதே முறையே பொருந்தும்.

கணினிக் கோப்பு

இரண்டு பதிப்புகளும் ஒரே கோப்பிலிருந்து பிறக்க வேண்டும். மூலம், சீரெல்லை, சொல்லெல்லை, பாடவேறுபாடு, ஆய்வுக் குறிப்பு, பொதுக் குறிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியிட்டு ஒரே கோப்பில் வைத்திருந்தால், அச்சுக்குப் போகும் நேரத்தில் கண்ட பிழையை ஓரிடத்தில் திருத்தினால் போதும். நூற்பாடங்களைக் கணினியில் குறியிடுவதற்கான டி.இ.ஐ. (TEI) முறை இதற்கென்றே உள்ளது. அது தெரியாதவர் எளிய விரிதாளில் இவற்றைத் தனித்தனிப் பத்திகளாக வைத்தாலும் வேலை நடக்கும். பல அடுக்கு அடிக்குறிப்புகளுக்கு லாடெக் (LaTeX) என்ற அச்சமைப்பு மென்பொருள் உதவும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும்.

பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பை ஏற்காதீர்கள், யூனிகோடு மட்டுமே. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. "ரி" என்று தட்டச்சு செய்ய வேண்டிய இடத்தில் காலையும் அதன்மேல் இகரக் கொக்கியையும் சேர்த்துப் பலர் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. ஓலை எழுதியவரின் குழப்பம் கணினிக்கும் வந்துவிட்டது. ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம், எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு, ககரத்துக்குப் பதில் எண் ஒன்று ஆகியவையும் அப்படியே. அடைவு தயாரிக்கும் முன் இவற்றைத் தேடி மாற்றிவிடுங்கள். மெய்ப்புப் பார்க்கும்போது ஒருவர் ஏட்டுப் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுத்தாளில் சரிபார்க்கும் பழைய முறைக்கு நிகரானது இன்னும் வரவில்லை.

உரிமை, அச்சு, வெளியீடு

பழைய மூலத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அதன் புதிய உரைக்கும் குறிப்புக்கும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் அது நீடிக்கும். 1942இல் மறைந்த சாமிநாதையரின் குறிப்புகள் 2003 முதல் பொதுவுடைமை. பிற்கால உரையாசிரியர் ஒருவரின் உரையை மக்கள் பதிப்பில் சேர்க்க விரும்பினால் அவர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டனவா என்று பாருங்கள். இல்லையேல் வாரிசுகளிடம் எழுதிக் கேளுங்கள். பதிப்பாசிரியர் பெயரை நீக்கிவிட்டு அவர் நிறுவிய பாடத்தை அப்படியே அச்சிடுவது சட்டம் எப்படியிருந்தாலும் திருட்டுதான்.

அளவு டெம்மி 1/8 இரண்டுக்கும் பொருந்தும். ஆய்வுப் பதிப்பை 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் அச்சிட்டு, பாரங்களை (மடித்த அச்சுத்தாள்களை) தைத்துக் கெட்டி அட்டை போடுங்கள். அடிக்கடி விரித்து வைத்துப் படிக்கும் நூலைப் பசையால் மட்டும் ஒட்டினால் ஆண்டுக்குள் தாள்கள் கழன்றுவிடும். மக்கள் பதிப்பு மென்னட்டையில் இருக்கலாம்; ஆனால் எழுத்து 12 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஏனெனில் இவற்றை வாங்குபவர்களில் கண்ணாடி அணிந்தவர்களே மிகுதி. பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக அமைந்தால் தாள் வீணாகாது.

ஆய்வுப் பதிப்பைக் குறைந்த பிரதிகளில் அச்சிட்டுத் தேவைக்கேற்ப மீண்டும் அச்சிடும் வசதி இப்போது இருக்கிறது. அதன் செலவை மக்கள் பதிப்பின் விற்பனை தாங்கும் என்று எண்ண வேண்டாம்; முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டுபவர்களையும் ஒரு கோயிலையோ கல்லூரியையோ துணையாகத் தேடிக்கொள்ளுங்கள். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் ஆணையை நம்பி விலை வைத்தவர்கள் காத்திருந்து களைத்திருக்கிறார்கள். மக்கள் பதிப்பு அந்த ஊர்த் திருவிழாவிலும் மாவட்டப் புத்தகக் காட்சிகளிலும்தான் விற்கும். திருவிழாத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அச்சு வேலையைத் திட்டமிடலாம். பாட ஒப்பீட்டை அப்படித் திட்டமிட முடியாது.

இரண்டு பதிப்புகளுக்கும் தனித்தனி ஐ.எஸ்.பி.என். (சர்வதேச நூல் எண்) வாங்க வேண்டும். 1954ஆம் ஆண்டு நூல் அளிப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். சுவடி தந்தவர்களுக்கும் இரண்டு பதிப்புகளையும் அனுப்புங்கள். முதல் நிலைப் படியெடுப்பையும் படங்களையும், இசைவு இருக்குமானால், சுவடி உள்ள நூலகத்திலேயே ஒரு வன்தட்டில் கொடுத்து வையுங்கள். நூல் வெளியான பின் வரும் திருத்தங்களை யார், எப்போது, எந்த ஏட்டைக் காட்டிச் சொன்னார் என்ற குறிப்போடு மூலக் கோப்பிலேயே சேர்த்துவருங்கள். மறு அச்சுக்குப் போகும்போது மக்கள் பதிப்பை மட்டும் திருத்தி ஆய்வுப் பதிப்பைப் பழையபடி விட நேர்ந்தால், மாற்றிய இடங்களின் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு விற்காமல் இருக்கும் ஆய்வுப் பிரதிகளின் பின்னட்டைக்குள் ஒட்டி அனுப்புங்கள்.